தலைக்கு ஒரு அப்ரூவ்டு சாம்பிள்

மனுசனுக்குத் தலை முக்கியம்ங்கறதுல மங்கலம் வட்டாரத்துல ரெண்டாவது கருத்து இருந்ததில்லீங்க. கோயில் வரின்னா தலைக்கட்டுக் கணக்கு. கூட்டம்னா தலைமை. பிளெக்ஸ்னா தலை பெருசா இருக்கோணும், உடம்பு எப்படி வேணா இருக்கலாம். ஆனா அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு யாரும் பொது எடத்துல பேசினதில்லை, பேச வேண்டிய அவசியமும் வரலை. வந்தது ஒரு பையரால. பையர்னா துணிக்கு ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக்காரருங்க. எங்க ஊர்ல சாமிக்கு அடுத்தபடி அவர்தான்.

நான் இளங்கோ. வேலை நாள்ல ஒரு பனியன் கம்பெனியில அயர்ன் செக்‌ஷன் சூப்பர்வைசர். லீவு நாள்ல கபடிப் போட்டி, கோயில் நோம்பி, காதுகுத்து எதுன்னாலும் மைக் நம்ம கையிலதான். அதனால நடந்தது பூராத்தையும் மேடையில நின்னு பார்த்தவன். கூட்டிச் சொல்ற பழக்கம் எனக்கு உண்டுதானுங்க, ஆனா இதுல கூட்டறதுக்கு அவங்க ஒண்ணும் மிச்சம் வைக்கலை.

எங்க வட்டாரக் கபடிப் பேரவைக்குத் தலைவர் கந்தப்பன். எக்ஸ்போர்ட் கம்பெனி வெச்சிருக்கறாரு. வருசா வருசம் பள்ளிக்கூடப் பொண்ணுகளுக்குக் கபடிப் போட்டி நடத்தறாரு, நல்ல காரியம்தான். ஜெர்சியில முன்னால, பின்னால, கையிலன்னு எடமிருக்கற பக்கமெல்லாம் கம்பெனி பேர அடிச்சு உட்டுருவாரு. முந்தின வருசப் போட்டியில எடுத்த ஒரு ஃபோட்டோவ போன வருசம் பையருக்கு அனுப்பினாரு. அதுல ஒரு பொண்ணு தலைகுப்புற விழுந்துட்டு இருந்துச்சு. முதுகுல கம்பெனி பேரு பளிச்சுன்னு தெரியுதுன்னுதான் அந்த ஃபோட்டோவப் பொறுக்கினதே. பையரு முதுகப் பார்க்கலை. உங்க விளையாட்டுல கன்கஷனுக்கு என்ன பாலிசி வெச்சிருக்கறீங்கன்னு கேட்டு எழுதிட்டாரு.

கந்தப்பன் அதப் படிச்சாரு. படிச்ச கையோட ஊர் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. "பையரு கன்செஷன் பத்திப் பேசறாங்க. எல்லாரும் பொழுதோட மண்டபத்துக்கு வந்துருங்க."

நூல் விலை ஏறிக் கிடந்த நேரமுங்க. கன்செஷன்னு காதுல உழுந்ததும் மண்டபத்துல நிக்க எடமில்லை. நிட்டிங்காரங்க, டையிங்காரங்க, காஜா பட்டன்காரங்க, கபடிய டிவியிலகூடப் பார்க்காதவங்கன்னு அத்தனை பேரும் வந்து உக்காந்துட்டாங்க. விசைத்தறிக்காரங்க வாசல்ல நின்னு, தறிக்கும் உண்டுங்களான்னு கேட்டுட்டு இருந்தாங்க. பேரவை வரலாற்றுலயே அப்படி ஒரு கூட்டம் கூடினதில்லை.

கந்தப்பன் கம்பெனியில கம்ப்ளையன்ஸ் மேனேஜர் பிரபாகர். தொழிலாளிக்குக் காத்து வருதா, கக்கூஸ் சுத்தமா இருக்குதான்னு பையருக்குப் பதில் சொல்றது அவர் வேலை. கழுத்துல எப்பவும் அடையாள அட்டை தொங்கும், தூங்கும்போதாச்சும் கழட்டுவாரான்னு அவங்க ஊட்டுலதான் கேக்கோணும். அவர் எந்திரிச்சு மெதுவாச் சொன்னாரு. "கன்செஷன் இல்லீங்க. கன்கஷன். தலையில அடிபட்டு உள்ள மூளை குலுங்கிப் போறதுங்க."

மண்டபமே பொக்குன்னு போயிருச்சு. போண்டா வர்ற வரைக்கும் மரியாதைக்கு உக்காந்திருந்துட்டு, வந்ததும் முக்கால்வாசிப் பேரு கைய ஒதறிட்டு எந்திரிச்சுட்டாங்க. மிச்சமிருந்தவங்கள உயர்மட்டக் குழுன்னு அறிவிச்சாங்க.

பிரபாகர் பாவம், பையர் அனுப்பியிருந்த பேப்பர நல்லாத்தான் படிச்சுட்டு வந்திருந்தாரு. ரத்தம் வராது, வீங்கோணும்னு இல்லை, மயக்கம் போட்டு விழோணும்னுகூட இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பார்த்தாக் கண்ணு கூசறது, கேட்டதையே திருப்பிக் கேக்கறது, மறதி, இதெல்லாம்தான் அடையாளம். சந்தேகம் வந்தாலே ஆட்டத்துல இருந்து வெளிய எடுத்துரோணும். டாக்டர் சொல்ற வரைக்கும் உள்ள உடப்படாது. மொத அடி ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, வளர்ற பிள்ளைகளுக்கு உசுருக்கே ஆபத்து. இத்தனையும் சொல்லிட்டு அவர் தண்ணி குடிச்சாரு.

அப்பறம் கந்தப்பன் கேட்டாரு. "வெளிய தெரியாதுங்கற. தெரியாதது எப்படியப்பா டேமேஜ் ஆகும்?"

இத நீங்க கிண்டலா எடுத்துக்கப்படாது. எங்க ஊரு அந்த ஒரு விதியிலதான் ஓடுது. தெச்ச பீஸ மேஜையில விரிச்சு, டியூப் லைட்டு வெளிச்சத்துல, கைத்தூரத்துல நின்னு பார்க்கோணும். ஓட்டையோ கறையோ தையல் உட்டதோ தெரிஞ்சா, அந்த எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒண்ண ஒட்டி, ஆல்டருக்குன்னு திருப்பி அனுப்போணும். கைத்தூரத்துல தெரியலைன்னா பாஸ். சட்டைக்கு ஒரு நியாயம், மண்டைக்கு ஒரு நியாயமான்னு கந்தப்பன் கேட்டதும் குழு பூராத் தலைய ஆட்டுச்சு. ஆக, மைதானத்துல ஒரு தலை செக்கிங் மேஜை போடறது, டியூப் லைட்டு கட்டறது, அம்பு ஸ்டிக்கர் வாங்கறதுன்னு ஏகமனதாத் தீர்மானம் ஆச்சு.

அரசாங்கத் தரப்புல வந்திருந்தவரு அருள்செல்வன். இளையோர் உடல்நல ஒருங்கிணைப்புப் பிரிவின் உதவி அலுவலர், கூடுதல் பொறுப்பு. அந்தப் பிரிவுல அவருக்கு மேலயும் ஆளில்லை, கீழயும் ஆளில்லை. அவர் தொண்டையச் செருமிட்டு, எல்லாஞ் சரி, ஆனா கன்கஷன்னு இங்கிலீசுல வெச்சா அரசாணைக்கு முரண், தூய தமிழ்ல வேணும்னாரு. யோசிச்சு யோசிச்சு அவரே ஒண்ணக் கண்டுபிடிச்சுக் குடுத்தாரு. மூளைக் குலுக்கல்.

மறுநாளே ஊர் பூராப் பிளெக்ஸ் வெச்சுட்டாங்க. 'மாபெரும் பெண்கள் கபடிப் போட்டி மற்றும் மூளைக் குலுக்கல்.' எங்க பக்கத்துல குலுக்கல்னா அதுக்கு ஒரே அர்த்தந்தானுங்க. போட்டியன்னிக்கு விடியறதுக்குள்ள பொம்பளைங்க கூட்டங்கூட்டமா வந்து, கூப்பன் எங்க தர்றாங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இது அந்தக் குலுக்கல் இல்லீங்கன்னு மைக்குல தொண்டை கட்டக் கத்தினேன். ஒரு அம்மா கிட்ட வந்து, "மொதப் பரிசு போனாப் போவுதுங்க, ஆறுதல் பரிசாச்சும் உண்டுங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கே மனசு கேக்கலை, இருந்த ஒரு பென்சிலக் குடுத்து அனுப்பினேன்.

இதுக்கு நடுவுல பட்டை வேற. கந்தப்பன் குடோன்ல காலர் ரிப் துணி மூட்டை மூட்டையா மீந்து கிடந்துச்சு. அதக் கத்தரிச்சு, நெத்தியில மாட்டற மாதிரி வளையமாத் தெச்சு, 'மூளைக் காப்பு'ன்னு பேர் போட்டு இறக்கிட்டாரு. ஹெல்மெட்டேகூட மண்டை ஓட்டத்தான் காப்பாத்தும், உள்ள மூளை குலுங்கறதத் தடுக்காதுன்னு பையர் எழுதியிருக்கறாருங்கன்னு பிரபாகர் சொல்லிப் பார்த்தாரு. "ஹெல்மெட்டு தடுக்காதுன்னுதான போட்டிருக்குது. பட்டை தடுக்காதுன்னு எங்க போட்டிருக்குது?"ன்னு கந்தப்பன் கேட்டுட்டாரு. பிரபாகர் பேப்பர முன்னயும் பின்னயும் திருப்பிப் பார்த்தாரு. எங்கயும் போடலை.

பட்டைக்கு வந்த மவுசு இருக்குதே, அடேயப்பா. பசங்க வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டக் கழட்டி டேங்க்கு மேல வெச்சுட்டு, பட்டைய மாட்டிக்கிட்டாங்க. பொம்பளைங்க சுடிதாருக்கு மேட்சா கலர் கேட்டாங்க. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பட்டுத்துணியில தெச்சுப் போட்டாங்க, முகூர்த்தத்துல மூளை குலுங்கிறப்படாதுல்ல.

சரி, போன வருசம் நடந்த அந்தப் போட்டிக்கு வர்றேன். எடம் மங்கலம் மைதானம். ஃபைனல்ல சாமளாபுரமும் சேவூரும். சாமளாபுரம் டீமுக்கு உசுரே தமிழ்மதிதான். அப்பப் பதினொண்ணாவது படிச்சுட்டு இருந்த பொண்ணு, அப்பா தறி ஓட்டறாரு. ரெய்டு போனான்னா காத்து மாதிரி தொட்டுட்டு வந்துருவா. அவங்க பி.டி. டீச்சர் சித்ராதேவி. கோடு தாண்டினாப் பொண்ணுகளையும் திட்டுவாங்க, ரெஃப்ரியையும் திட்டுவாங்க. எங்க மேடையில அவங்களப் பார்த்தாலே ஒரு பயம் உண்டு.

ரெண்டாம் பாதி. தமிழ்மதி ரெய்டு போயித் திரும்பறப்ப சேவூர் பொண்ணுக காலப் பிடிச்சு இழுத்துட்டாங்க. விழுந்தவ பொடனியில ஒருத்தியோட முட்டி லொட்டுன்னு இடிச்சுது. சத்தம் என் மைக்குலயே கேட்டுச்சுங்க. யார் மேலயும் தப்பில்லை, ஆட்டம்னா அப்படித்தான். தமிழ்மதி எந்திரிச்சா, மண்ணத் தட்டினா, சிரிச்சா, நேராப் போயி சேவூர் டீம் பெஞ்சுல உக்காந்துட்டா. அந்தப் பொண்ணுகளும் மரியாதைக்கு நகர்ந்து எடம் குடுத்தாங்க.

சித்ராதேவி டீச்சர் ஓடிப் போயி அவ முன்னால குத்தவெச்சு மொகத்தப் பார்த்தாங்க. தமிழ்மதி கேட்டா, "மிஸ், டாஸ் போட்டாச்சுங்களா?"

"ரெண்டாம் பாதி நடக்குது கண்ணு."

"சரிங்க மிஸ்." ஜடைய இறுக்கிக் கட்டிட்டு, "மிஸ், டாஸ் போட்டாச்சுங்களா?"

டீச்சர் கைய ஒசத்தி, இவ இனி ஆடமாட்டா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்க. மேடையில இருந்து கந்தப்பன் எந்திரிச்சாரு. உயர்மட்டக் குழு ஒண்ணு இருக்கும்போது தனிநபர் முடிவெடுக்கறது முறையாகாதுன்னு சொல்லிட்டாரு. தவிர, ஆட்டம் இப்பத்தான் சூடு பிடிச்சிருக்குது, ஜெர்சி எல்லாக் கேமராவுலயும் நல்லா விழுந்துட்டு இருக்குது.

உச்சி வெயில்ல டியூப் லைட்டப் போட்டாங்க. தமிழ்மதிய ஸ்டூல்ல உக்கார வெச்சு, குழு கைத்தூரத்துல நின்னு, தலையச் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. கறை இல்லை. ஓட்டை இல்லை. தையல் உடலை. முடியில குத்தியிருந்த பின்னு ஒண்ணு மட்டும் வளைஞ்சிருந்துச்சு. பிரபாகர் அந்தப் பின்னுக்கு ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினாரு. பின்ன மாத்தினாங்க. பாஸ்னு சொல்லிட்டாங்க.

"இரும்புப் பின்னே வளைஞ்சிருக்குதுன்னா உள்ள என்ன ஆயிருக்கும்னு ரோசனை பண்ண மாட்டீங்களா?"ன்னு டீச்சர் கேட்டாங்க. பிரபாகர் தலையக் குனிஞ்சுக்கிட்டே, பையர் பேப்பர்ல சில கேள்வி இருக்குதுங்க, அடிபட்டவங்ககிட்டக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்குதுங்கன்னாரு. கேட்டாங்க. இப்ப எந்த ஊர்ல இருக்கறோம்? சாமளாபுரம்ங்கன்னா. எந்தப் பாதி நடக்குது? இன்னும் ஆரம்பிக்கலீங்களேன்னா. கடைசியாப் பாயின்ட் எடுத்தது யாரு? தெரியலீங்கன்னா. எடுத்ததே அவதான்.

எல்லாமே தப்புன்னு டீச்சர் சொன்னாங்க. எத வெச்சுத் தப்புங்கறீங்கன்னு கந்தப்பன் கேட்டாரு.

இங்கதாங்க எங்க ஊர் புத்தி வேலை செஞ்சுது. எந்த ஆர்டரா இருந்தாலும் மொதல்ல ஒரு பீஸ் தெச்சு அனுப்புவோம். பையர் பார்த்து, சரின்னு சீல் போட்டுத் திருப்பி அனுப்புவாரு. அதுக்குப் பேரு அப்ரூவ்டு சாம்பிள். அப்பறம் லட்சம் பீஸ் தெச்சாலும் அதோட ஒத்துப் போவுதான்னு மட்டுந்தான் பார்ப்போம். சாம்பிள்ல காலரு கோணலா இருந்தா லட்சத்துலயும் கோணலாத்தான் வைக்கோணும். நேரா வெச்சா ரிஜெக்ட். ஆகவே, தமிழ்மதி தலை சரியா தப்பான்னு முடிவு பண்ண, மொதல்ல நல்ல தலை ஒண்ணு வேணும். அதக் கேட்டு, அதோட இத ஒப்பிட்டுப் பார்க்கோணும்.

நல்ல தலை யாருதுங்கற பேச்சுக்கே எடமில்லை. அரசாங்கமே தேர்வு வெச்சு எடுத்த தலை என்னுதுன்னு அருள்செல்வன் முன்னால வந்தாரு. ரெண்டாவது சாம்பிளா கந்தப்பன் நின்னாரு. பிரபாகர் பேப்பரப் பார்த்து அதே கேள்விகளக் கேட்டாரு. எந்த ஊர் சார் இது? அருள்செல்வனுக்கு அன்னிக்கு நாலா பக்கமும் விழா, காலையில இருந்து மேடையில உக்காந்து போனையே பார்த்துட்டு இருந்தவரு. சாமளாபுரம்னாரு. எந்தப் பாதி நடக்குதுங்க? அதெப்படி ஆரம்பிப்பீங்க, நான் இன்னும் குத்துவிளக்கே ஏத்தலையேன்னாரு. காலையிலயே ஏத்தி, ஃபோட்டோவும் எடுத்தாச்சு. கடைசிப் பாயின்ட்டு? தெரியலை. அடுத்தது கந்தப்பன். அதிகாரி ஒண்ணு சொன்னதுக்கு அப்பறம் மாத்திச் சொன்னா நல்லா இருக்குமுங்களா? சார் சொன்னதேதான்னுட்டாரு.

பிரபாகர் வேர்த்து விறுவிறுத்துப் போயி, தமிழ்மதி பதிலையும் சாம்பிள் பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாரு. ஒரு நூல் பிசிறில்லை. "மேட்ச் ஆகுதுங்க சார்"ன்னாரு. கூட்டம் கைதட்டுச்சு. சாமளாபுரத்துக்காரங்க விசிலடிச்சாங்க. அந்தப் பொண்ணும் எந்திரிச்சு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம, கோட்டையே பார்த்துட்டு நின்னா. இன்னொரு அடி பட்டா உசுருக்கு ஆபத்துன்னு அதே பிரபாகர் வாயால குழுவுல இருந்த நாங்க எல்லாரும் கேட்டிருந்தோம். கேட்டவங்களும் சேர்ந்துதான் கைதட்டினது. என்னைய அறிவிப்புக் குடுக்கச் சொன்னாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள டீச்சர் மைக்கப் புடுங்கிட்டாங்க.

"பேரவைத் தலைவர் அவர்களுக்கும் அலுவலர் அவர்களுக்கும் வணக்கம். இந்தப் பொண்ணு தலையும் உங்க தலையும் ஒண்ணுன்னு சொன்னீங்க. நான் மறுக்கலீங்க. பிரபாகர், இப்படிப் பதில் சொல்றவங்கள என்ன பண்ணோணும்னு பேப்பர்ல போட்டிருக்குது? சத்தமாப் படிங்க."

பிரபாகர் படிச்சாரு. உடனே வெளிய எடுக்கோணும். தனியா உடப்படாது. வண்டி ஓட்டப்படாது. போன் பார்க்கப்படாது. தலைக்கு வேலை குடுக்கப்படாது. டாக்டர் சொல்ற வரைக்கும் முழு ஓய்வு.

"மூணு பேரும் ஒரே பதில் சொன்னவங்க. மூணும் ஒரே லாட்டு. லாட்டுல ஒண்ண மட்டும் பிரிச்சு உள்ள அனுப்பறது உங்க கம்பெனியில வழக்கமுங்களா?"

கந்தப்பன் இல்லீங்கன்னு தலைய ஆட்டினாரு. லாட்டுன்னா ஒண்ணா வந்த ஒரே சரக்கு, அதப் பிரிக்கறதுங்கறது எங்க தொழில்ல பெரும் பாவம். அருள்செல்வன் மட்டும் பிரபாகர் பக்கம் மெல்லக் குனிஞ்சாரு. "ஓய்வுன்னா, சம்பளத்தோடவா?"

"கட்டாய ஓய்வுன்னு போட்டிருக்குதுங்க சார்."

"கட்டாயம்னா மறுக்க முடியாதே"ன்னு சொல்லி, அருள்செல்வன் நெத்தியப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாரு. கந்தப்பனும் மறுநாள் ஆடிட்டரப் பார்க்க வேண்டியிருந்தத ஞாபகப்படுத்திக்கிட்டு, அதுவும் ஆகாதான்னு விசாரிச்சாரு. ஆகாதுன்னாங்க. ஒடனே அவருக்கும் கிறுகிறுன்னு வந்துருச்சு.

தமிழ்மதி அழுதுட்டா. நான் நல்லாத்தான் இருக்கறேன் மிஸ், ஆடறேன் மிஸ்னு கையப் பிடிச்சுட்டுக் கெஞ்சினா. டீச்சர் அவள அணைச்சுட்டு, "கப்பு அடுத்த வருசமும் வரும் கண்ணு, மண்டை ஒண்ணுதான் இருக்குது"ன்னாங்க. சாமளாபுரத்துக்காரங்களுக்கு வந்த கோவத்தப் பார்க்கோணுமே. ஜெயிக்கற ஆட்டத்த இந்தம்மா கெடுத்துட்டாங்கன்னு கண்டபடி பேசினாங்க. பொண்ணப் பெத்த அப்பனே, நின்னு ஆடியிருந்தா ஒரு சர்டிபிகேட்டாச்சும் வந்திருக்கும்னு முணுமுணுத்தாரு. டீச்சர் காதுல எதையும் போட்டுக்கலை.

ஆம்புலன்ஸ் ஒண்ணுதான் நின்னுட்டு இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர்ல கந்தப்பன் படுத்துட்டாரு. பெஞ்சுல அருள்செல்வன் காலு நீட்டிட்டாரு. தமிழ்மதியும் டீச்சரும் அவங்க செருப்புக்குப் பக்கத்துல கீழ உக்காந்து போனாங்க. ஊரே ஓடி வந்து கண்ணாடி வழியா ஃபோட்டோ எடுத்துச்சு, கந்தப்பன் படுத்தவாக்குலயே கும்பிடு போட்டாரு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா மூணு பேரையும் பார்த்தாங்க. தமிழ்மதிக்கு கன்கஷன்தான், நல்லவேளை அடுத்த அடி படறதுக்குள்ள கூட்டிட்டு வந்தீங்கன்னாங்க. கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், போன் வேண்டாம், நல்லாத் தூங்கட்டும். தலைவலி பூரா நின்னதுக்கு அப்பறம் நடக்கட்டும், அப்பறம் ஓடட்டும், கடைசியாத்தான் கபடி, நடுவுல தலை வலிச்சா ஒரு படி கீழ எறங்கோணும்னாங்க. எல்லாருக்கும் புரியற மாதிரித்தான் சொன்னாங்க. பெரிய மனுசங்க ரெண்டு பேரையும் எல்லா மிசின்லயும் படுக்க வெச்சு எடுத்துப் பார்த்துட்டு, உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்கன்னு பூரண ஆரோக்கியச் சான்று குடுத்துட்டாங்க.

"அப்ப நாங்க சொன்ன பதிலெல்லாம்?"ன்னு கந்தப்பன் கேட்டாரு.

"அது அடிபட்டதால இல்லீங்க"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அருள்செல்வனுக்கு லீவு போச்சேன்னு வருத்தம். ஆனா அவர் சும்மா உக்கார்ற ஆளில்லை. உயர்மட்டக் குழுவ அவசரமாக் கூட்டச் சொல்லி, கூட்டத்துல எந்திரிச்சு, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னாரு. "என் தலை பூரண ஆரோக்கியம் என்பதற்கு முத்திரையிட்ட சான்று இருக்கிறது. பூரண ஆரோக்கியமான தலை, இது எந்த ஊர் என்ற வினாவுக்குச் சாமளாபுரம் என்று விடை அளித்தது. எனவே ஆரோக்கியமான விடை அதுவே. அவ்வாறு விடை அளிக்காத தலை எதுவோ, அதுவே ஐயத்துக்குரியது."

நானும் அங்கதான் இருந்தேன். இதுல எங்கயோ இடிக்குதேன்னு தோணுச்சு, எந்த எடம்னு தெரியலை. சித்ராதேவி டீச்சருக்குத் தெரிஞ்சுது. அவங்க எந்திரிச்சு, இது மங்கலம், அன்னிக்கு நடந்தது ரெண்டாம் பாதி, கடைசிப் பாயின்ட் எடுத்தது தமிழ்மதின்னு பட்டுப் பட்டுன்னு சொன்னாங்க. ஒண்ணுகூட சாம்பிளோட ஒத்துப் போகலை. குழு அவங்கள ரொம்பப் பரிதாபமாப் பார்த்துச்சு. நெத்தியில ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பூரண குணமாகற வரைக்கும் மைதானத்துப் பக்கம் வர வேண்டாம், ஓய்வெடுங்க டீச்சர்னு அன்பாக் கேட்டுக்கிட்டாங்க. பிரபாகர் ஸ்டிக்கர ஒட்டும்போது, மன்னிச்சுக்குங்க டீச்சர்னு மெல்லச் சொன்னாரு.

தமிழ்மதி டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் பண்ணினா. தூங்கினா, நடந்தா, ஓடினா. தலைவலி நின்னுது. கண்ணுல பழைய துறுதுறுப்பு வந்துருச்சு. இனி ஆடலாம்னு டாக்டரம்மாவே சொல்லி அனுப்பினாங்க. இந்த வருசப் போட்டிக்குச் சிரிச்சுட்டே வந்து செக்கிங் மேஜையில உக்காந்தா. எந்த ஊர் கண்ணு இதுன்னு கந்தப்பன் கேட்டாரு. "மங்கலமுங்க"ன்னா. மத்த கேள்விக்கும் யோசிக்காமச் சரியாச் சொன்னா. கந்தப்பன் உச்சுக் கொட்டினாரு. "இன்னும் சரியாகலை சாமி. சித்தெ நாள் ஓய்வெடு"ன்னு தலையத் தடவி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டாரு. அடிபட்டப்ப ஆடுன்னு சொன்னவங்க, ஆறுனதுக்கு அப்பறம் உக்காருன்னுட்டாங்க. அவ கேலரியில ஒரு மூலையில உக்காந்து, ஆட்டத்தையே பார்த்துட்டு இருந்தா. பார்க்கறதுக்கு எனக்கே பெத்த வயிறு மாதிரி எரிஞ்சுதுங்க.

மத்த அப்பா அம்மாவெல்லாம் சுதாரிச்சுக்கிட்டாங்க. பிள்ளைக ஆடோணும்ல. தேர்முட்டிகிட்ட மாடியில ஒரு கோச்சிங் சென்டரே ஆரம்பிச்சாச்சு. போட்டிக்கு முன்னால பொண்ணுகளுக்கு அங்க தப்பாப் பதில் சொல்லப் பழக்கறாங்க. தயங்காமச் சொல்லோணும், மொகத்துல கொஞ்சம் கலக்கம் தெரியோணும், பாயின்ட் யார் எடுத்ததுன்னு கேட்டா வானத்தப் பார்க்கோணும். இப்ப எல்லாப் பொண்ணும் பாஸ். செமி ஃபைனல்ல ஒரு பொண்ணுக்கு நெசமாவே மண்டை மண்டையோட மோதிருச்சு. ஸ்டூல்ல உக்கார வெச்சுக் கேட்டோம். சாமளாபுரம்ங்கன்னா, வானத்தப் பார்த்தா. அது அடிபட்டதால வந்த பதிலா, கோச்சிங்ல படிச்ச பதிலான்னு பெத்தவங்களுக்கே தெரியலை. உள்ள அனுப்பிட்டோம். அடுத்த ரெய்டுக்கு எதிர் டீம் ஆளாட்ட, அவ டீம் பக்கமே கபடி கபடின்னு பாடிட்டுப் போனா. புது உத்தின்னு நான் மைக்குல பாராட்டினேன்.

என் பொண்ணு தரணி இந்த வருசந்தான் கபடியில சேர்ந்திருக்கறா. அவளையும் சென்டர்ல சேர்த்து உட்டிருக்கறோம். நேத்து பொழுதோட ஊட்டுல உக்கார வெச்சு, கண்ணு, இது எந்த ஊருன்னு கேட்டேன். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள சாமளாபுரம்ங்கன்னா. அவங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு.

அப்பறம் அவ ஒண்ணு கேட்டா. "ஏனுங்கப்பா, நெசமாவே தலையில அடிபட்டா என்னன்னு சொல்றதுங்க?"

எனக்கு கேலரி மூலையில உக்காந்திருந்த தமிழ்மதி ஞாபகம் வந்துச்சு. மாத்திச் சொன்னா வெளிய உக்கார வெச்சுருவாங்க.

"அப்பவும் இதையேதான் சொல்லோணும் கண்ணு"ன்னேன். அவ சரிங்கப்பான்னு தலைய ஆட்டிட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சா.